வளர்த்தவைக்கு ஒரு அப்புக்காத்து

"அப்புக்காத்து வைச்சால் சனம் என்ன சொல்லும் எண்டு ஒருக்கா யோசிச்சுப்..."

"சனம் சொல்லி முடிச்சு வேற கதைக்குப் போட்டுது, நீங்கள் இன்னும்..."

"...யோசிச்சுப் பாரும் எண்டுதான் சொல்லுறன். பிழை செய்தவன்தான் தனக்கு வழக்காட அப்புக்காத்தைத் தேடி ஓடுவான்."

"அப்ப நகரசபை பிழை செய்ததோ? அவைக்கு ரெண்டு பேர். பொலிசுக்கு ஒராள். இந்திராவுக்கு ஒராள். காணாமல் போன பிள்ளைக்கே ஒராள் வைச்சிருக்கினம். அந்தாள் பிள்ளையைப் படத்திலைதான் கண்டவர்!"

"அதெல்லாம் முறைப்படி..."

"சோறு போட்ட எனக்கு மட்டும் முறையில்லையோ?"

"கத்தாதையும். மேல கேக்கும்."

மேல்மாடியில் இருப்பவர் ஒரு நோர்வீஜியக் கிழவர். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் மனுசன் வானொலியைக் குறைத்துவிட்டார். சண்டைக்கு மொழி தேவையில்லை என்பது ஓஸ்லோவில், குரோருட்டின் அடுக்குமாடிகளில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

சமையலறையில் சனிக்கிழமை காலைத் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. யோகாம்பாள் எழும்பிப்போய் அதை ஊற்றிவிட்டுப் புருசனுக்குப் புதிதாகப் போட்டாள். கோபத்திலும் ஆறின தேத்தண்ணி கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

காணாமல் போன பிள்ளையின் பெயர் ஹம்சிகா. பெற்றவள் இந்திரா, நகரத்தின் மற்ற அந்தத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறாள். புருசன் விட்டுவிட்டுப் போன பிறகு இரவும் பகலும் துப்புரவு வேலை. பிள்ளை வீட்டில் தனியே. பள்ளிக்கூடம் அதைப் பார்த்துப் பார்னவார்னுக்கு, அதாவது பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிற நகரசபை அலுவலகத்துக்கு, அறிவித்தது. பார்னவார்ன் இந்திராவுக்குத் துணையாக ஓராளை அனுப்பியிருக்கலாம். அது சுகமான வழி, ஆகவே செய்யவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து, பிள்ளையில்லாத யோகாம்பாளின் கையில் கொடுத்தது. தமிழ் வீடு, தமிழ்ச் சாப்பாடு, பண்பாடு அறுந்துபோகாது என்று விளக்கம் வேறு. பெற்ற தாயிடம் இருந்தால் அறுந்துவிடும் போலும்.

தாயும் மகளும் சந்திப்பதற்கு அலுவலகத்தில் ஒரு அறை இருந்தது. இந்திரா மகளைக் கட்டிப்பிடிக்கும்போது அதைக் குறித்துக்கொள்ள ஒரு உத்தியோகத்தர் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறைக்கு வெளியே எங்காவது கண்டுகொண்டால் அந்தச் சந்திப்பும் நின்றுபோகும் என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

போன வருசத்துக்கு முந்தின வருச நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை தூறிக்கொண்டிருக்க, ஹம்சிகா சப்பாத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்ரி, நான் அம்மாட்டப் போட்டு வாறன்."

போகக்கூடாது என்பது யோகாம்பாளுக்குத் தெரியும். அன்று இந்திராவின் பிறந்தநாள் என்பதும் தெரியும்.

"இருட்ட முதல் வந்திடு," என்றாள்.

பதினாலு வயதுப் பிள்ளை. இருட்டியது. விடிந்தது. வரவில்லை.

பொலிஸ் வந்தபோது யோகாம்பாள் இதைத்தான் அழுது அழுது சொன்னாள், தமிழில். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யப் போதுமான நோர்வீஜிய மொழி அவளிடம் இருந்தது, அழுவதற்குப் போதவில்லை. புருசன் பாலேந்திரன் மொழிபெயர்த்தார். அவர் கோவில் நிர்வாகசபைச் செயலாளர், சங்கத்துக்கும் செயலாளர், டொக்டரிடம் போகிறவர்கள், வாடகைப் பிரச்சினைக்காரர் எல்லாருக்கும் குரல் கொடுக்கிறவர். அவர் வாயால் நோர்வீஜிய மொழிக்குப் போகிற தமிழர் எவருக்கும் கோபம் வருவதில்லை. எவரும் குடிப்பதில்லை. எந்த வீட்டிலும் சண்டை இல்லை. அப்படியொரு சுத்திகரிப்பு.

பொலிசுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை உலாவப் போனது."

ஞாயிற்றுக்கிழமை உலாவப் போனாள் என்பது நோர்வேயில் சந்தேகப்படவே முடியாத வாக்குமூலம். அங்கே ஞாயிறு உலாவாதவன்தான் சந்தேகத்துக்குரியவன். பொலிஸ்காரர் மரியாதையோடு தலையாட்டினார். காட்டில் தேடினார்கள். நாய் விட்டுத் தேடினார்கள். ஏரியைக் கலக்கினார்கள். கரையில் ஒரு கையுறை கிடைத்தது. அந்த நாட்டில் ஒற்றைக் கையுறை கிடக்காத ஏரிக்கரை ஒன்று இருந்தால் அதைத்தான் விசாரிக்கவேண்டும். ஆனாலும் அதை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

இப்போது ஒரு நீதிபதி உட்கார்ந்து பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்லப் போகிறார். தீர்ப்பு என்ன என்பதை ஏற்கெனவே நாலு பேர் நாலு விதமாகச் சாடையாகச் சொல்லிவிட்டார்கள்: பிள்ளை தானாகத்தான் ஏரியில் விழுந்தது, காரணம் வளர்த்த வீட்டின் கண்டிப்பு. அதோடு கோப்பு மூடப்படும். தேடலும் மூடப்படும்.

போன கிழமை நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து, சாட்சி சொல்கிற முறையை விளக்கினாள். போகிறபோக்கில், "பிள்ளை அன்றைக்கு உலாவப் போனபோது" என்றாள். வெளிநாட்டுக்காரருக்கென்று நிறுத்தி நிறுத்திப் பேசினபடியால் யோகாம்பாளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது; தான் சொன்னது பொலிசுக்குப் போகவேயில்லை என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தக் கிழமை முழுக்க இந்த வீட்டில் இந்தக் கதைதான்.

"எந்தத் தமிழ்ப் பிள்ளை நவம்பர் மழைக்குள்ள தனியக் காட்டுக்க உலாவப் போகும்? நீங்கள் போவியளோ? கார் நிப்பாட்டின இடத்தில இருந்து கோவில் வாசலுக்கு நடக்கவே உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"நான் நன்மைக்குத்தான் சொன்னனான். தாயிட்டப் போனது எண்டு சொல்லியிருந்தால், பார்னவார்ன் அவளுக்குப் பிள்ளையைக் கடைசிவரையும் திருப்பிக் குடுத்திராது. அனுப்பின உம்மையும் விட்டிருக்காது. எங்கடை ஆக்களை நாங்களே காட்டிக்குடுக்கிறதோ?"

"காட்டிக்குடுக்கேல்லை. பிள்ளையைக் குடுத்திட்டம்."

பாலேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் அண்டைக்கே இந்திராவுக்குப் போன் எடுத்துக் கேட்டனான். வரேல்லை எண்டு சொன்னவள்."

"ஓ. பொலிஸ் ஒண்டரை வருசமாய் விசாரிக்குது. நீங்கள் ஒரு போனில முடிச்சிட்டியள்."

"அவள் ஏன் பொய் சொல்லப் போறாள்?"

"நீங்கள் சொன்ன அதே நன்மைக்குத்தான்! மோர்டென்ஸ்ருட் ஸ்ரேசனில கமரா இருக்கு. அண்டைக்கே சொல்லியிருந்தால் பாத்திருப்பினம். இப்ப அதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டினமாம்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"பொலிசுக்கு நானே போன் எடுத்தனான். வழக்கு நீதிபதியிட்டப் போட்டுது, தெரிஞ்சதை அங்கை வந்து சொல்லுங்கோ எண்டு வைச்சிட்டினம். அதுதான் அப்புக்காத்தைப் பாக்கப் போறன். வாறதெண்டால் வாங்கோ."

பாலேந்திரன் வந்தார். வராமல் விட்டால் அங்கே என்ன கதைப்பாள் என்ற பயம்.

அப்புக்காத்து என்றால் பாலேந்திரன் மனதில் ஒரு உருவம் இருந்தது: நரைத்த தலை, கறுத்தக் கோட்டு, மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி, வாசலில் காத்துக்கிடக்கிற கட்சிக்காரர். அவர்கள் பார்க்கப் போன யதுர்ஷாவிடம் இதில் ஒன்றும் இல்லை. ரொம்சோசில் இருக்கிற கமலேஸ்வரியின் மகள்; மூன்று வயதில் ஓஸ்லோவுக்கு வந்தவள்; சட்டம் முடித்து இப்போதுதான் ஒரு அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள். கோப்பியைத் தானே கொண்டுவந்து வைத்தாள். பாலேந்திரனுக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

"அம்மா சுகமே, பிள்ளை?" என்றார். "தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ழகரம் வராமல் அழுதனீர், ஞாபகமிருக்கோ?"

"இப்பவும் வராது, அங்கிள். நல்லவேளை இஞ்சத்தைச் சட்டத்தில அந்த எழுத்து இல்லை." பேனாவை எடுத்தாள். "சரி, சொல்லுங்கோ. முதலில அன்ரி."

அன்ரி சொன்னாள். பிறகு அங்கிள் சொன்னார். அன்ரி குறுக்கே சொன்னாள். அங்கிள் அதற்கும் குறுக்கே சொன்னார். யதுர்ஷா பேனாவை வைத்துவிட்டாள்.

"என்னால உங்கள் ரெண்டு பேருக்கும் வாதாட ஏலாது."

"பாத்தீரோ?" என்றார் பாலேந்திரன் மனைவியிடம். "நான் சொன்னனான்தானே, அனுபவம் காணாது எண்டு."

"அதில்லை, அங்கிள். அன்ரி உண்மையைச் சொன்னால் நீங்கள் பொலிசுக்குப் பொய் சொன்னது வெளியில வரும். நீங்கள் உங்களைக் காப்பாத்த வேணுமெண்டால் அன்ரி பொய் சொல்லுறா எண்டு சொல்லவேணும். ஒரே லோயர் ரெண்டு பக்கமும் இருக்கக்கூடாது. உங்களுக்கு ஒராள் வேணும், அன்ரிக்கு வேற ஒராள் வேணும்."

"புருசன் பெண்சாதிக்கு ரெண்டு அப்புக்காத்தோ? நாங்கள் என்ன விவாகரத்தே எடுக்க வந்தனாங்கள்?"

"அதுக்கெண்டால் ஒராளே காணும்," என்றாள் யதுர்ஷா.

யோகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை வருசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

"என்னை எடும், பிள்ளை," என்றாள். "இவர் தன்ரை பாட்டைத் தான் பாக்கட்டும்."

"அன்ரி, ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. அனுமதி இல்லாமல் பிள்ளையைத் தாயிட்ட அனுப்பினது நீங்கள். இதைச் சொன்னால் நீங்களும் மாட்டுவியள். இனி ஒரு பிள்ளையும் உங்களிட்டத் தரமாட்டினம்."

"எனக்கு இனி ஒரு பிள்ளை வேண்டாம். இந்தப் பிள்ளைதான் வேணும்."

பாலேந்திரன் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

பிழை செய்தவன்தான் அப்புக்காத்து வைப்பான் என்ற பாலேந்திரன் அடுத்த கிழமையே ஒருவரை வைத்தார். நரைத்த தலை, கறுத்தக் கோட்டு. கண்ணாடி அலுமாரியும் இருந்ததாம்.

விசாரணைக்கு முதல் யதுர்ஷா நீதிபதிக்கு ஒரு மனுப் போட்டாள்: வளர்த்த தாய்க்கும் இந்த விசாரணையில் ஓரிடம் தாருங்கள், அவளுடைய பிரதிநிதியைக் கேள்வி கேட்க விடுங்கள். பதில் மிக மரியாதையாக வந்தது. வளர்ப்புப் பெற்றோரின் பங்களிப்பை மன்று பெரிதும் மதிக்கிறது. அவர்கள் விசாரணையில் சேர்ந்தவர்கள் அல்லர், சாட்சிகள் மட்டுமே. சாட்சிக்குத் துணையாக வழக்கறிஞர் பக்கத்தில் உட்காரலாம். வாய் திறக்கக் கூடாது.

"அப்ப நீர் அங்கை என்ன செய்வீர்?" என்று கேட்டாள் யோகாம்பாள்.

"தண்ணி ஊத்தித் தருவன்."

"நாலு வருசம் படிச்சதுக்கு."

"ஐஞ்சு வருசம், அன்ரி." யதுர்ஷா கதிரையை இழுத்துக் கிட்ட வந்தாள். "கேளுங்கோ. அவையள் கேக்கிற கேள்வியளில இந்த விசயம் வராது. ஆருக்கும் அது வாறது விருப்பமில்லை. நகரசபைக்குக் கண்டிப்பான வீடு வேணும். பொலிசுக்கு ஏரி வேணும். ஆனால் கடைசியில நீதிபதி ஒரு கேள்வி கேப்பா: வேற ஏதும் சொல்ல இருக்கோ? எல்லாரும் 'இல்லை, நன்றி' எண்டு சொல்லிட்டு இறங்கிற கேள்வி. மரியாதைக்குக் கேக்கிறது. நீங்கள் மட்டும் மரியாதை பாக்கவேண்டாம்."

மன்றில் கதிரைகள் எல்லாம் அளவெடுத்துப் போட்டிருந்தார்கள். நகரசபையின் இரண்டு வழக்கறிஞரும் முன்னுக்கு. பொலிசின் வழக்கறிஞர் பக்கத்தில். பிள்ளையின் வழக்கறிஞர் பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு. இந்திரா தன் வழக்கறிஞரோடு சன்னல் பக்கத்தில். மெலிந்து, மேசையைப் பார்த்தபடி. வளர்த்தவர்களுக்குப் பார்வையாளர் வரிசைக்கு முன்னால் இரண்டு கதிரை. பாலேந்திரன் ஒன்றில், நரைத்த தலை பின்னால். எல்லாருக்கும் கோப்பி இருந்தது. கோப்பியில் மட்டும் பாகுபாடில்லை.

மொழிபெயர்க்க அமர்த்தியிருந்த பெண் சென்னைக்காரி.

"வாங்கம்மா, உட்காருங்க. பதட்டப்படாதீங்க."

"பிள்ளை, நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுவீரோ?"

"சத்தியம் பண்ணியிருக்கேம்மா. நீங்க திட்டினாக்கூட அப்படியே சொல்லிடுவேன். யாழ்ப்பாணத் தமிழ்தான் கொஞ்சம் வேகமா வரும், மெதுவாப் பேசுங்க."

"எனக்கு மெதுவாத்தான் வரும். மற்றவைதான் எனக்காக வேகமாச் சொல்லிப்போட்டினம்."

நகரசபை வழக்கறிஞர் எழும்பினார். நல்ல சிரிப்பு. அவர் கேட்க, சென்னைக்காரி தமிழாக்கினாள்.

"வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மரக்கறி மட்டும்தான் என்பது உண்மையா?"

"ஓம்."

"பிள்ளை அதை எதிர்த்ததுண்டா?"

"கத்தரிக்காயை எதிர்த்தவள்."

"பிறகு?"

"பேந்து நான் கத்தரிக்காய் வாங்கிறேல்லை."

"நண்பர்கள் வீட்டில் இரவு தங்க அனுமதித்தீர்களா?"

"நண்பியின்ரை தாயைத் தெரிஞ்சால் விட்டனான்."

"அதாவது, நிபந்தனையோடு."

"உங்கடை மகளை நீங்கள் ஆரெண்டு தெரியாத வீட்டில விடுவியளோ?"

கேள்வி கேட்பது தாங்கள்தான் என்று அவர் அன்பாக நினைவூட்டினார். இப்படியே போனது. கோவிலுக்குக் கட்டாயப்படுத்தினீர்களா? கைத்தொலைபேசியை எத்தனை மணிக்கு வாங்கி வைத்தீர்கள்? கத்தரிக்காயிலும் கைத்தொலைபேசியிலும் தொடங்கி ஏரிவரைக்கும் ஒரு பாதை போட்டுக் காட்டிவிட்டு, அவர் திருப்தியோடு உட்கார்ந்தார். அந்த வீட்டில் நடந்த ஒரே பிழை கண்டிப்பில்லாமல் விட்டதுதான். அதைக் கண்டுபிடிக்கும்படி அவருக்கு யாரும் கட்டளை கொடுக்கவில்லை.

பொலிசுக்குக் கேள்வி இல்லை. பிள்ளையின் வழக்கறிஞருக்குக் கேள்வி இல்லை. இந்திராவின் வழக்கறிஞர் இந்திராவைப் பார்த்தார்; இந்திரா தலையசைத்தாள்; கேள்வி இல்லை. யதுர்ஷா கிளாசில் தண்ணி ஊற்றினாள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். களைத்த முகம்.

"சாட்சிக்கு வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா?"

"இருக்கு," என்றாள் யோகாம்பாள்.

கோப்புகளை மூடிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"பிள்ளை உலாவப் போகேல்லை. 'அன்ரி, நான் அம்மாட்டப் போட்டு வாறன்' எண்டு சொல்லிட்டுப் போனது. அண்டைக்குத் தாயின்ரை பிறந்தநாள். போகக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். நான்தான் விட்டனான். ஏரியிலை ஒண்டும் இல்லை. நீங்கள் பிழையான இடத்தில தேடுறியள்."

சென்னைக்காரி ஒரு சொல்லும் விடவில்லை.

நகரசபையின் இரண்டு வழக்கறிஞரும் ஒன்றாக எழும்பினார்கள். நீதிபதி கையைக் காட்டி இருத்தினாள்.

"இதை ஏன் பொலிசிடம் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சொன்னனான். அழுது அழுது சொன்னனான். மொழிபெயர்த்தவர் சொல்லேல்லை."

பொலிஸ் வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார்.

"மொழிபெயர்த்தவர் யார்?" என்று கேட்டாள் நீதிபதி.

முப்பது வருசக் கலியாணத்தில் யோகாம்பாள் சபையில் புருசனின் பெயரைச் சொன்னதில்லை. சங்கக் கூட்டத்தில் மாலை போடும்போதுகூட 'இவர்' தான்.

"பாலேந்திரன்," என்றாள். "பின்னுக்கு இருக்கிறார்."

பாலேந்திரன் எழும்பினார். நரைத்த தலை அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தது. அவர் இருக்கவில்லை. இத்தனை காலமும் மற்றவர்களுக்காகக் கதைத்த வாய், நோர்வீஜிய மொழியும் வராமல் தமிழும் வராமல் திறந்தபடி நின்றது.

"நான் கேட்டனான்..." என்றார் கடைசியில், தமிழில். "நான் அண்டைக்கே இந்திராட்டக் கேட்டனான். வரேல்லை எண்டு சொன்னவள். அவளுக்கு ஒரு கரைச்சல் வரக்கூடாதெண்டுதான்..."

"இருங்கோ," என்றாள் யோகாம்பாள், திரும்பாமலே. சத்தம் போடாமல் சொன்னாள். "இவ்வளவு காலமும் எனக்காக நீங்கள் கதைச்சது காணும்."

அவர் இருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் இதையும் சொல்லவேண்டுமா என்பது போல நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி ஆமென்று தலையாட்டினாள். மொழிபெயர்க்கப்பட்டது.

இந்திரா இன்னும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கறிஞர் அவளுடைய தோளில் கை வைத்து ஏதோ காதுக்குள் சொன்னார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுடைய இரண்டு கையும் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பிடிப்பது போல.

யோகாம்பாள் நீதிபதியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். சாட்சி மன்றை நோக்கியே பேசவேண்டும் என்று நீதிபதி சொன்னாள். சென்னைக்காரி அதைத் தமிழில் சொன்னாள். யதுர்ஷா, வாய் திறக்கக்கூடாதவள், தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருந்த பார்வையை மறைக்காமல் ஒதுங்கிக்கொண்டாள்.

"இந்திரா, பிள்ளை வந்ததோ எண்டு நான் உன்னட்டக் கேக்கேல்லை, வந்த பிள்ளையை உள்ளுக்கு எடுத்தனியோ, சட்டத்துக்குப் பயந்து திருப்பி அனுப்பினனியோ, அதை மட்டும் சொல்லு."